30 அடி மேடைக்குள் ஒரு காடு: பள்ளி இசை நாடகத்துக்குச் செட் போடுவது பற்றி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசியில் ஆண்டு விழா. பள்ளி மைதானத்தில் தகரக் கூரை போட்ட திறந்த மேடை, 30 அடி அகலம், 20 அடி ஆழம். காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும், பேசும் மரங்கள், ஒரு சூனியக்காரக் கிழவி என்று ஒரு மணி நேர இசை நாடகம். பிளாஸ்டிக் செடிகொடிகளை வாடகைக்கு எடுத்து நிரப்பலாமா, காட்டுப் படம் அச்சடித்த ஃபிளெக்ஸ் போதுமா, எல்இடி திரை வைக்கலாமா என்பது கேள்வி. பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு மரமாவது நிஜமாக வேண்டும் என்பது கூடுதல் ஆசை.

டீச்சர், மரம் செய்வது எப்படி என்று நீங்கள் எழுதியிருந்தாலும், 20 அடிக்குள் ஓடியாடும் இரண்டு பிள்ளைகள் தொலைந்துபோனார்கள் என்று எதிரே இருப்பவர்களை எப்படி நம்ப வைப்பது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இலை அதிகம் உதவாது. அடிமரங்கள் வேண்டும், அவற்றுக்கு நடுவே எங்கே போகிறது என்று தெரியாத இருட்டுச் சந்துகள் வேண்டும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் போகட்டும். இலையை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும்.

படுதா, அதாவது நாடகத் திரைச்சீலை, வரையும் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவன் நான். வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டாரத்தில் பள்ளி நாடகத்துக்கும் திருவிழா நாடகத்துக்கும் பல வருடங்களாகச் செட் போட்டுவருகிறேன். இந்த வேலையின் அடிப்படை புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகள் தர்பாருக்கு ஒரு படுதா, தெருவுக்கு ஒரு படுதா, காட்டுக்கு ஒரு படுதா என்று சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயின. ஆந்திரத்தில் கடப்பை மாவட்டத்தில் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்கள் வரைந்த படுதாக்களையும் மேடைத் தந்திரங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகின்றன. அந்தக் காலத்துக் காட்டுக் காட்சியின் சூட்சுமம் அடுக்குதான். பின்னால் ஒரு முழுப் படுதா. அதற்கு முன்னால் நடுவில் வெட்டியெடுத்து மரமும் கிளையும் மட்டும் மிச்சம் வைத்த துணி. பக்கவாட்டில் ஓரத்தை மறைக்கும் தட்டி, அதாவது சைடு விங். கண் ஒன்றைத் தாண்டி இன்னொன்றைத் தேடிப் போகும்போது ஆழம் தானாகக் கிடைக்கிறது.

உங்கள் மேடைக்கு மூன்று அடுக்கு போதும். முன்விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே முதல் அடுக்கு, 8 அடியில் இரண்டாவது, 14 அல்லது 15 அடியில் மூன்றாவது. முன் அடுக்கு மரங்கள் தடிமனாகவும் ஏறக்குறைய கறுப்பாகவும் இருக்கட்டும், நடு அடுக்கு அதைவிட மெலிந்து பழுப்பாக, பின் அடுக்கு கையளவு தடிமனில் சாம்பல் நீலமாக. காலையில் ஆனைமலைப் பக்கம் பார்த்தால் கிட்ட இருக்கும் மலை கரும்பச்சையாகவும் தூரத்து மலை வெளிறிய நீலமாகவும் தெரிகிறதே, அதே காரணம்தான். இடையில் இருக்கும் காற்றும் ஈரமும் தூரத்துப் பொருளை வெளிறச் செய்கின்றன, கண் அதைத் தூரம் என்று படிக்கிறது. மரங்களைச் சம இடைவெளியில் நடாதீர்கள், பந்தல்கால்போல் ஆகிவிடும். ஓரிடத்தில் மூன்று மரம் நெருங்கி நிற்கட்டும், அப்புறம் 7 அடி வெறுமையாக இருக்கட்டும். முன்வரிசைச் சந்துக்கு நேராகப் பின்வரிசைச் சந்து வரக் கூடாது. வந்தால் பார்வை நேரே பின்சுவரில் போய் முட்டும்.

மரத்தின் உச்சியை யாரும் பார்க்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 8 அடியில் தலை தெரியும் மரம், பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பெரியவனாக்கிவிடும். மேலே குறுக்காக ஒரு கறுப்புத் துணிப் பட்டை கட்டி, மரங்கள் அதற்குள் போய் மறைவதுபோல் விட்டால் அவை எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டை எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதை அளவு நாடாவால் முடிவு செய்யாதீர்கள். முதல் வரிசையில் தரையில் உட்காரும் சின்னப் பிள்ளையின் இடத்தில் நீங்களே உட்கார்ந்து மேலே பாருங்கள். அப்புறம் வலது ஓரக் கடைசி நாற்காலி, இடது ஓரக் கடைசி நாற்காலி. அங்கிருந்து விளக்கும் ஒயரும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் தெரியாவிட்டால் சரி.

இனி செய்முறை. நடு அடுக்குக்கு நான் துணி மரம்தான் சொல்வேன். 45 அங்குல அகலக் காடாத் துணியில் இரண்டு நீளத்தைப் பக்கவாட்டில் சேர்த்துக் குழாய்போல் தைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பழைய சைக்கிள் ரிம் கட்டினால் ஒரு மரம். பெரிய சைக்கிளின் ரிம் சுற்றளவு சுமார் 79 அங்குலம், துணி 90 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிஞ்சும் துணியை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக் கட்டி, கீழ் ரிம்மை அரைச்சுற்றுத் திருப்பிவிட்டால் ஆலமரத்து அடிபோல் முறுக்கு விழும். மேலே மூங்கிலிலிருந்து தொங்கவிடுவதால் மேடையில் பாரம் இல்லை. நாடகம் முடிந்ததும் தட்டையாக மடித்து ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

முன் அடுக்கைப் பார்வையாளர்கள் கிட்டத்தில் பார்ப்பார்கள், அதற்குத் துணி போதாது. முழு உருளையும் வேண்டாம், முன்பக்க அரை வட்டம் மட்டும் போதும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அரைவட்டங்களாக வெட்டி, இரண்டடிக்கு ஒன்றாக ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டத்தில்) அடித்து, அதன்மேல் கோழி வலையைச் சுற்றுங்கள். ஆணியைவிட ஸ்க்ரூ நல்லது, பிரிக்கும்போது மரம் உடையாது. மரப்பட்டைக்கு நம் ஊரில் கிடைப்பதைவிட நல்ல சரக்கு எங்கும் இல்லை. பாக்கு மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்துகொடுக்கும், வலைமேல் கட்டுக் கம்பியால் தைத்துக் காயவிட்டால் அந்த வளைவிலேயே விறைத்துவிடும். நடுநடுவே அரிசி மில் சாக்கைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து ஒட்டினால் வேர் முண்டும் முடிச்சும் வரும். தென்னம்பாளை, பனை மட்டை, தேங்காய் நார் எல்லாமே உதவும். பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்க வேண்டாம். விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒட்டி வெயிலில் நன்றாகக் காயவிட்டால் அது இல்லாமலேயே சமாளிக்கலாம். பச்சைக் கிளையை வெட்டி வந்து கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். விளக்குச் சூட்டில் மாலைக்குள் துவண்டுவிடும். வாளையார் பக்கம் காட்டிலிருந்து வெட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. தோட்டத்தில் கழித்துப்போட்ட காய்ந்த கிளைகள் தாராளமாகப் போதும்.

பிள்ளைகள் ஏறும் மரம் வேறு வகை. அதை அலங்காரமாக நினைக்கவே கூடாது, மேடைக்குள் இன்னொரு மேடை என்று நினைத்துக் கட்ட வேண்டும். இரும்புச் சட்டமோ கெட்டியான மரச்சட்டமோ உள்ளே இருக்கட்டும், நான்கு கால், எல்லாப் பக்கமும் குறுக்குக் கம்பி, மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட். பட்டையும் கொடியும் அதன்மேல் போர்த்தும் சட்டை மட்டுமே, அதில் யாரும் கால் வைக்கும்படி இருக்கக் கூடாது. ஆட்கள் கூடும் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ தாங்கும்படி கணக்கிடுவது நம் கட்டட விதிகளின் வழக்கம். குழந்தைகள்தானே என்று அதைக் குறைக்காதீர்கள், பாட்டுக்கு எல்லோரும் ஒரே தாளத்தில் குதிக்கும்போது தளத்தில் விழும் பாரம் அவர்கள் எடையைவிடப் பல மடங்கு. உயரம் 3 அடியைத் தாண்ட வேண்டாம். பின்பக்கம் ஏணி வேண்டாம், படி வையுங்கள். கைப்பிடியைத் தொங்கும் கொடிபோல் சுற்றி மறைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் ஷெட் போடும் வெல்டர் ஒருவர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தூரத்தில் இருந்து நான் சொல்வது போதாது.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதல் கவலை. டிசம்பர் கடைசி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று பலமாக இருக்கும் காலம். விருச்சிகக் காற்று என்று மலையாளத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று, 8 அடிக்கு 4 அடி பிளைவுட் தட்டி ஒன்றை ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ விசையில் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் நிற்கும் ஒவ்வொரு தட்டிக்கும் பின்னால் 4 அடி நீளத்துக்குச் சாய்வுச் சட்டம் கொடுத்து, அதன் அடியில் மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு ஒன்று வையுங்கள், 40 கிலோவுக்குக் குறையாமல். மேலே சாரத்தோடு கயிற்றிலும் கட்டுங்கள். துணி மரங்களின் கீழ் ரிம்மில் மணல் அடைத்த துணிப்பையைத் தைத்துவிட்டால் ஆடாது. மேடை கிழக்கே பார்த்திருந்தால் காற்று நேராக உள்ளே வரும், மேற்கே பார்த்திருந்தால் பின் படுதா பாய்மரம்போல் உப்பும். எப்படியானாலும் பின் படுதாவை ஒரே துணியாகக் கட்டாமல் மூன்று நான்கு பாகமாக, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கட்டினால் காற்று இடையில் புகுந்து போய்விடும்.

வண்ணத்துக்கு வருவோம். காடு என்றதும் பச்சை டப்பாவைத் தேடுவது இயல்பு. ஆனால் பச்சை பெயிண்ட் மேல் பச்சை வெளிச்சம் விழுந்தால் மேடு பள்ளம் எல்லாம் போய்த் தட்டையாகிவிடும். அடி பூச்சு அடர் பழுப்பும் கறுப்பும். அது காய்ந்ததும், தூரிகையில் ஈரம் அதிகம் இல்லாமல், மேடான இடங்களில் மட்டும் காவி, மண் மஞ்சள், சாம்பல். பள்ளங்களில் கொஞ்சம் ஊதா, நிழலுக்குக் கறுப்பைவிட ஊதா உயிரோட்டமாக இருக்கும். பச்சை கடைசியில், பாசிபோல் ஒரு பக்கம் மட்டும். வெள்ளை டிஸ்டெம்பரில் ஸ்டெய்னர் என்ற நிறக் கலவையைக் கலந்தாலே இதெல்லாம் வந்துவிடும், விலை உயர்ந்த பெயிண்ட் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 30 அடி பின்னால் போய் நின்று பாருங்கள், கிட்டத்தில் அழகாக இருக்கும் மெல்லிய கோடு அங்கிருந்து தெரியவே தெரியாது. வாடகைக்கு வரும் எல்இடி விளக்குகள் சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் காட்டுபவை. அவற்றின் கீழே சில காவிகளும் பழுப்புகளும் செத்துப்போகும். விளக்குக்காரரிடம் ஒரு விளக்கை முன்கூட்டியே வாங்கி, வண்ணம் பூசிய துண்டு ஒன்றை அதன் கீழ் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பூசுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து மட்டும் வந்தால் எந்த மரமும் அட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்து வர வேண்டும், ஒரு பக்கம் இளமஞ்சள், மறுபக்கம் நீலம். மரம் உருண்டை என்று அப்போதுதான் தெரியும்.

பின் அடுக்கை வரையவே வேண்டாம் என்பது என் விருப்பம். உங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாட்டைப் பாடி நடத்தும் தோல்பாவைக்கூத்தைப் பார்த்திருப்பீர்கள். கூத்துக்கென்றே கட்டிய 42 அடி நீளக் கூத்துமாடத்தில், தேங்காய் மூடிகளில் ஏற்றிய 21 விளக்கு வரிசையாக எரியும். பல விளக்கு இருப்பதால் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால்தான் நிழல் தெளிவாக விழும். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள், விளக்கு ஒன்றே ஒன்று, துணியிலிருந்து தள்ளி. பின்னால் வெள்ளைத் துணி, அதற்கு 8 அடி பின்னே தரையில் விளக்கு, விளக்குக்கு ஓரடி முன்னால் ஒரு காய்ந்த கிளை. நிழல் எட்டு மடங்கு பெரிதாக விழும். ஓரடிக் கொய்யாக் கிளை 8 அடி மரமாக எழுந்து நிற்கும். யாராவது கிளையை மெதுவாக நகர்த்தினால் காடே நகரும், பிள்ளைகள் வழி தவறும் பாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! விளக்கில் ஒளி வரும் புள்ளி எவ்வளவு சிறியதோ நிழல் அவ்வளவு கூர்மை. பால்நிறக் கண்ணாடி போட்ட சாதாரண பல்ப் மங்கலாக்கிவிடும், லென்ஸும் ரிஃப்ளெக்டரும் இல்லாத ஒற்றைச் சில்லு எல்இடி வாங்குங்கள். மேடைக்குப் பின்னால் 8 அடி வெற்றிடம் இருந்தால்தான் இது நடக்கும். பின்னால் சுவர் என்றால் ஆடும் இடத்தைக் காவு கொடுக்காதீர்கள், வெளிறிய நீலப் படுதாவே போதும்.

பேசும் மரத்துக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். துணி மரத்தில் முகம் அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, உள்ளே கறுப்புச் சாயம் ஏற்றிய கொசுவலைத் துணியைத் தைத்து, வெளியே மரப்பட்டை நிறத்தைத் தூரிகையால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே ஒரு பிள்ளை நிற்கட்டும், மோவாய்க்குக் கீழே பேட்டரி விளக்கு. அணைந்திருக்கும்போது அது வெறும் பட்டை, எரியும்போது மரத்துக்குள் ஒரு முகம். வெளியே அந்த இடத்தில் நேர் வெளிச்சம் விழக் கூடாது, விழுந்தால் வலை வெளுத்து முகத்தை மறைத்துவிடும். உள்ளே புழுக்கமாக இருக்கும், பின்பக்கத் தையலை நீளமாகத் திறந்தே விடுங்கள்.

பிளாஸ்டிக் கொடியை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேலே கட்டிய கறுப்புத் துணிப் பட்டையின் விளிம்பை மறைக்கக் கொஞ்சம் தொங்கவிடலாம். மினுமினுப்பு போக அதன்மேல் மண் கலந்த டிஸ்டெம்பரைத் தெளித்துக்கொள்ளுங்கள், வாடகைக்காரர் ஒப்புக்கொண்டால். ஃபிளெக்ஸ் வேண்டாம், வெளிச்சம் பட்டதும் பளபளக்கும், காற்றுக்கு அதைப்போல் எதிரி இல்லை. எல்இடி திரை சில நாடகங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதன் பிரகாசத்துக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் முகம் இருண்டுபோகும், முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் இருட்டுச் சந்து போய்விடும். பயம் காட்ட வேண்டிய காட்டுக்கு அது சரிப்படாது.

தீயைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக் கூரைக் கீற்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். காய்ந்த ஓலை, சாக்கு, நார், துணி எல்லாம் நாம் மேடையில் குவிக்கும் பொருள்கள்தான். தெர்மாகோல் மரம் வேண்டவே வேண்டாம், உருகி ஒழுகிக்கொண்டே எரியும், புகையும் மோசம். பருத்தித் துணிக்கும் சாக்குக்கும் ஒரு பழைய கரைசல் உண்டு. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 70 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 30 கிராம் போரிக் ஆசிட். பெயிண்ட் அடிப்பதற்கு முன் துணியை அதில் நனைத்துப் பிழிந்து காயப்போட வேண்டும். பெரியவர்கள் கையுறை போட்டுச் செய்யட்டும். ஒரு துண்டை வெளியே எடுத்துப்போய் நெருப்பு காட்டுங்கள், நெருப்பை எடுத்ததும் அணைந்தால் வேலை செய்கிறது. இது தீ பரவுவதைத் தாமதப்படுத்துமே தவிர, பற்றவே பற்றாது என்று அர்த்தமில்லை. தண்ணீர் பட்டால் மருந்து கரைந்து போய்விடும். செயற்கை இழைத் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் பலிக்காது, கொசுவலை நைலான் என்றால் அதற்கும்தான். சில துணிகளில் பெயிண்ட் மேல் வெள்ளையாகப் பூக்கலாம், அதையும் சிறு துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாலோஜன் விளக்கு இருந்தால் அதற்கும் துணிக்கும் நடுவே 4 அடியாவது இருக்கட்டும். மேடையின் இரண்டு பக்கமும் தண்ணீரோ மணலோ நிரப்பிய வாளிகளும், மின்சாரத் தீக்கு உலர்பொடித் தீயணைப்பானும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் வேண்டும். கிழவி அடுப்பு மூட்டும் காட்சி இருந்தால் நிஜத் தீ கிடையாது.

இது இசை நாடகம் என்பதால் கடைசியில் ஒரு கணக்கு பாருங்கள். கோரஸில் 20 பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் நடு மேடையில் 16 அடிக்கு 10 அடியாவது காலியாக இருக்க வேண்டும். காடு ஓரங்களிலும் பின்னாலும்தான் அடர்த்தியாக இருக்க முடியும். அடர்த்தி போதவில்லை என்றால் அந்த இருபது பேரில் எட்டுப் பேர் கையில் 9 அடி மூங்கிலில் கட்டிய துணி மரத்தைக் கொடுங்கள். அவர்கள் நடக்கும்போது பாதை மூடும், திறக்கும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிற இடத்தில் மட்டும் மரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கும் துணியும் நிறைய இருந்தால் தகரக் கூரையின் எதிரொலி கொஞ்சம் அடங்கும் என்பது என் அனுபவம். ஆனால் எவ்வளவு அடங்கும் என்பது மேடைக்கு மேடை மாறும், அதை நம்பி மைக் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

ஒத்திகை முதல் நாளிலேயே தரையில் சுண்ணாம்பால் மரங்களின் இடத்தைக் குறித்து, அங்கெல்லாம் நாற்காலி போட்டு ஆடப் பழக்குங்கள். செட் வந்த பிறகு இடம் மாற்றினால் பிள்ளைகள் இருட்டில் மோதிக்கொள்வார்கள். ஒவ்வொரு மரத்தின் பின்பக்க அடியிலும் படிகளின் விளிம்பிலும் வெள்ளை டேப் ஒட்டுங்கள். மேடையின் படமும், எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதும், பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் தெரிந்தால் மரங்களின் இடத்தை வரைந்தே அனுப்புகிறேன்.